விரலுக்கு வந்த விசை: மெட்டுகுடாப் பகுதியும் பழைய புல்லட்டின் மின்கம்பிகளும்

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதுவோர் எஞ்சினின் கொள்ளளவையும் குதிரைத்திறனையும் பந்தய வெற்றிகளையும் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, ஓட்டுநரின் கட்டைவிரல்களுக்கு எதிரே இருக்கும் விசைகளையும், அவற்றிலிருந்து புறப்பட்டு முகப்பு விளக்குக்குள் சென்று மறையும் கம்பிகளையும் ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கமாகியிருக்கிறது. ஆனால் அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புல்லட்டையோ ஜாவாவையோ ஆராய்ந்தால், எஞ்சினும் சேஸிஸும் ஆலையிலிருந்து வந்த வடிவத்தை ஏறக்குறைய அப்படியே காத்துக்கொண்டிருக்க, வண்டி கடந்துவந்த ஒவ்வொரு காலகட்டமும் தன் தடத்தைப் பதித்த இடம் ஹேண்டில்பாரும் வயரிங்கும்தான் என்பது புலப்படும். பழைய வண்டியில் புதிய ஸ்விட்சைப் பொருத்தும் பழக்கத்தைச் சேகரிப்பாளர்கள் சிலர் சிதைப்பு என்று கருதுகின்றனர். அந்தக் கருத்து எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை அப்பழக்கத்தின் வரலாற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

செகந்தராபாத் இரயில் நிலையத்துக்குக் கிழக்கே, சிலகலகுடாவுக்கும் தார்நாகாவுக்கும் இடையில் அமைந்த மெட்டுகுடா, இந்த வரலாற்றைத் தொடங்குவதற்குப் பொருத்தமான இடமாகும். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் உருவான செகந்தராபாத் தொடக்கம் முதலே படைநகரம். அங்கு நிலைகொண்ட படைகள் சென்னைப் படையைச் சேர்ந்தவை என்பதால், சிப்பாய்களோடும் அவர்களுக்குப் பொருள் வழங்கிய ஒப்பந்ததாரர்களோடும் தமிழ்க் குடும்பங்களும் அங்கே குடியேறின. சோமசுந்தரம் முதலியார் 1862-இல் அங்கு தொடங்கிய பள்ளி பின்னர் மஹபூப் கல்லூரியாக வளர்ந்தது அக்குடியேற்றத்தின் வலிமைக்கு ஒரு சான்று. வாடியிலிருந்து வந்த இரயில் பாதை 1874-இல் செகந்தராபாத்தை எட்டியது. 1893-இல் லாலாகுடாவில் பெட்டிகளைச் செப்பனிடும் பணிமனை எழுந்தது. அதன் அருகில் இருந்த மெட்டுகுடா இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. 1957-இல் தார்நாகாவில் இரயில்வேயின் சமிக்ஞை மற்றும் தொலைத்தொடர்புப் பொறியியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1966 அக்டோபர் 2-இல் தென்மத்திய இரயில்வே செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது.

இவற்றுக்கு வடக்கே இராணுவக் குடியிருப்பில் இன்னொரு நிறுவனம் வந்தமர்ந்தது. 1943-இல் கிர்க்கியில் தொடங்கிய இராணுவ மின்னியல், இயந்திரவியல் பொறியியல் பள்ளி 1953-இல் செகந்தராபாத்துக்கு மாற்றப்பட்டு, படையின் வண்டிகளைப் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சியளிக்கும் கல்லூரியாக நிலைபெற்றது. ஆகவே, ஒரு பக்கம் பெட்டிகளின் அடியில் அச்சோடு சுழலும் டைனமோவையும் 24 வோல்ட் பேட்டரிகளையும் பராமரிக்கும் தொழிலாளர், மறுபக்கம் இராணுவ வண்டிகளின் மின்னமைப்பைக் கற்ற படைவீரர், இடையில் இராணிகஞ்சின் உதிரிபாகக் கடைகள் என, கம்பியும் பேட்டரியும் அன்றாடப் பிழைப்பாக இருந்த ஒரு வட்டாரம் உருவாயிற்று. சாலையோர ஆட்டோ எலெக்ட்ரீஷியன் என்ற தொழில் இத்தகைய மண்ணில் வேரூன்றியதில் வியப்பில்லை.

இவர்கள் கைக்கு வந்த முதல் தலைமுறை வண்டிகளில் இன்றைய பொருளில் ஸ்விட்ச் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. இரண்டாம் உலகப் போரின் எச்சமாக இந்தியாவில் ஏலத்துக்கு வந்த பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச், மேட்ச்லெஸ் முதலிய வண்டிகளின் ஹேண்டில்பார், நெம்புகோல்கள் நிறைந்தது. முன்பிரேக், கிளட்ச், தீப்பொறி விழும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் லிவர், எஞ்சினை எளிதில் உதைத்துக் கிளப்புவதற்காக அழுத்தத்தை வெளியேற்றும் லிவர் என யாவும் பௌடன் கேபிள்களால் இயங்கின. மின்சாரம் சம்பந்தப்பட்டவை ஹார்ன் பொத்தானும், முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் டிப் ஸ்விட்சும் மட்டுமே. இவ்வண்டிகளின் தீப்பொறி மாக்னெட்டோவிலிருந்து வந்தது. மாக்னெட்டோ என்பது நிலைக்காந்தத்தின் துணையால் தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் கருவி ஆதலால், பேட்டரி முற்றிலும் செத்துப்போனாலும் வண்டி ஓடும். விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தரும் டைனமோவையும் அதனோடு சேர்த்து ஒரே கட்டாக்கியதே பர்மிங்ஹாமின் ஜோசப் லூக்காஸ் நிறுவனம் விற்ற மாக்டைனோ.

மாக்னெட்டோவை நிறுத்தும் பொத்தான் இருந்த வண்டிகளில் அது, சுற்றைத் துண்டிப்பதற்கு மாறாக, மாக்னெட்டோவை வண்டியின் உடலோடு, அதாவது எர்த்தோடு இணைத்து எஞ்சினை அணைக்கிறது. அந்தக் கம்பி அறுந்தால் வண்டி நிற்காது, பொத்தானால் நிறுத்தத்தான் வழியிருக்காது. இரயில்வே சமிக்ஞையின் அடிப்படை விதி இதற்கு நேர் எதிரானது: கம்பி அறுந்தால் விளக்கு சிவப்புக்குத் திரும்பி இரயில் நின்றாக வேண்டும். தார்நாகாவின் வகுப்பறைகளில் ஒரு விதியும், அதே சாலையில் ஓடிய போர்க்கால வண்டிகளில் அதற்கு மாறான விதியும் ஒரே காலத்தில் நிலவின என்பது ஒரு சுவையான முரண். போர்முனையில் ஓட வேண்டிய வண்டிக்கு நின்றுவிடுவதே பெரிய ஆபத்து என்று வடிவமைத்தோர் எண்ணியிருக்க வேண்டும்.

புல்லட்டின் வரவோடு நிலைமை மாறியது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து ராயல் என்ஃபீல்டு வண்டிகளை இறக்குமதி செய்து, 1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவத்துக்கு நூற்றுக்கணக்கில் வழங்கியது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, அடுத்த ஆண்டே திருவொற்றியூர் ஆலையில் புல்லட் பூட்டப்படலாயிற்று. முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிய அந்த ஆலை, 1960களின் தொடக்கத்துக்குள் பாகங்களை உள்நாட்டிலேயே செய்துகொள்ளும் நிலையை எட்டியது. அதே காலத்தில், 1961-இல், லூக்காஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து சென்னை பாடியில் லூக்காஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தை அமைத்தன. 1958-இல் தில்லியில் சிறு அளவில் தொடங்கிய மிண்டா நிறுவனத்தின் தொடக்ககாலப் பொருள்களுள் ஒன்று புல்லட்டுக்கான அம்மீட்டர். பிற்காலத்தில் அதுவே இருசக்கர வண்டி ஸ்விட்சுகளைச் செய்யும் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

புல்லட்டின் முகப்பு ஒரு வார்ப்படக் கூடு. ஆங்கிலேயர் காஸ்கெட் என்றழைத்த அந்த அலுமினிய வார்ப்பு, முன்போர்க்கின் தலையையும் முகப்பு விளக்கையும், அதன் இருபுறமும் கண்களைப்போல் பதிந்த இரு சிறு விளக்குகளையும், ஸ்பீடோமீட்டரையும், மின்னோட்டம் பேட்டரிக்குள் போகிறதா வெளியேறுகிறதா என்று காட்டும் அம்மீட்டரையும், விளக்கு ஸ்விட்சையும் ஒன்றாகத் தாங்கியது. வண்டியின் மூளை விளக்குக்குப் பின்னால் இருந்தது. ஹேண்டில்பாருக்கு வந்தவை ஹார்னும் டிப்பரும் மட்டுமே. விளக்கைப் போட வேண்டுமானால் ஓட்டுநர் ஒரு கையை எடுத்து, முன்னால் குனிந்து, காஸ்கெட்டின் மேலுள்ள குமிழைத் திருக வேண்டும். சாலையில் வண்டிகள் குறைந்த நாள்களில் இது ஒரு குறையாக எவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் குமிழ் வெறும் விளக்கு ஸ்விட்ச் என்று எண்ணியதே பின்னாளில் நடந்த தவறுகள் பலவற்றுக்குக் காரணம். 1950களில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களுக்கு லூக்காஸ் வழங்கிய ஆல்டர்னேட்டரில் ஆறு சுருள்கள் மூன்று இணைகளாக அமைந்திருந்தன. உற்பத்தியாகும் மின்சாரத்தைத் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்தும் தனிக்கருவி, அதாவது ரெகுலேட்டர், அவ்வமைப்பில் இல்லை. அந்த வேலையை விளக்கு ஸ்விட்சே செய்தது. விளக்கு அணைந்திருக்கும்போது ஒரே ஓர் இணை பேட்டரிக்கு மின்சாரம் அனுப்ப, மற்ற இரண்டும் ஒன்றோடொன்று குறுக்கே இணைக்கப்பட்டு உற்பத்தியை அடக்கிவைத்தன. சிறு விளக்கு நிலைக்குத் திருகினால் அந்தக் குறுக்கிணைப்பு விலகி உற்பத்தி சற்று கூடும். முகப்பு விளக்கு நிலைக்குத் திருகினால் மூன்று இணைகளும் சேர்ந்து முழு மின்சாரத்தையும் தரும். ஓட்டுநர் வெளிச்சத்துக்காகத் திருகினார். அவரறியாமலே மின் உற்பத்தியும் அதே திருகலில் மாறிக்கொண்டது.

இக்னிஷன் சாவியிலும் இதே சிக்கனம் தென்பட்டது. காயில் இக்னிஷன் என்பது மாக்னெட்டோவைப் போலன்றிப் பேட்டரியை நம்பி இயங்குவது. பேட்டரி இறங்கிவிட்டால் வண்டி கிளம்பாது. இதற்கு மாற்றாக அவ்வகை வண்டிகளின் சாவியில் அவசர நிலை என்ற ஓர் இடம் வைக்கப்பட்டு, அதில் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் நேரே காயிலுக்குத் திருப்பிவிடப்பட்டது. ஓட்டுநர் சாவியை மறுபடியும் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்தால், பேட்டரி ஓரளவு ஏறியதும் அதன் அழுத்தம் ஆல்டர்னேட்டரின் அலைக்கு எதிராக நின்று எஞ்சினைத் திக்கித் திணறச் செய்யும். வண்டியே ஓட்டுநருக்கு நினைவூட்டும் ஏற்பாடாக அது அமைந்தது. ஐந்தாறு கம்பிகளையும் இரண்டு திருகு ஸ்விட்சுகளையும் கொண்டு இவ்வளவையும் நடத்தியவர்களின் கூர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. லூக்காஸின் பெயரை இருட்டோடு சேர்த்துக் கேலிபேசிய ஆங்கிலேய ஓட்டுநர்கள் இந்தப் பக்கத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இத்தகைய வண்டிகளில் பழைய குமிழைக் கழற்றிவிட்டு ஏதேனும் ஓர் ஆன்-ஆஃப் ஸ்விட்சைப் பொருத்திய பழுதுபார்ப்போர், விளக்கு எரிகிறது என்ற அளவில் திருப்தியடைந்தனர். சில வாரங்களில் பேட்டரி ஒன்று வறண்டுபோகும் அல்லது அமிலம் கொதித்து வழியும். எந்த இணை எந்த நிலையில் வேலை செய்கிறது என்பதை அறிந்த எலெக்ட்ரீஷியன்கள், புதிய ஸ்விட்சைப் பொருத்தும் முன் ஆல்டர்னேட்டரின் கம்பிகளை ஒருசேர இணைத்து, சிலிக்கான் ரெக்டிஃபையரையும், மிகுதி மின்சாரத்தை வெப்பமாக வெளியேற்றும் ஸீனர் டையோடையோ ரெகுலேட்டரையோ சேர்த்து, ஸ்விட்சின் தலையிலிருந்த இரண்டாவது வேலையை அதனிடமிருந்து எடுத்துவிட்டனர். பழைய வண்டிக்குப் புதிய ஸ்விட்ச் பொருத்துவதன் முதல் பாடம் இதுவே: ஹேண்டில்பாரில் கை வைப்பதற்கு முன் எஞ்சினின் பக்கக் கூட்டைத் திறக்க வேண்டும்.

மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1960களின் தொடக்கத்திலிருந்து செய்த ஜாவா வேறொரு வழியைப் பின்பற்றியது. செக் நாட்டு வடிவமைப்பான அதன் முகப்புக் கூட்டின் உச்சியில் சாவித்துளை இருந்தது. சாவியோ பற்களற்ற வெறும் ஆணி போன்றது. அதே பருமனுள்ள ஆணியைச் செருகினாலும் வண்டி கிளம்பும் என்பது ஊரறிந்த இரகசியமாக இருந்ததால், சாவியால் இயங்கும் தனி ஸ்விட்ச் ஒன்றைப் பக்கவாட்டில் மறைத்துப் பொருத்துவது ஜாவாவில் செய்யப்பட்ட மிகப் பழைய மாற்றங்களுள் ஒன்றாயிற்று. 1973 முதல் யெஸ்டி என்ற பெயரோடு ஓடிய அவ்வண்டிகளின் உற்பத்தி 1996-இல் நின்றது.

ஸ்விட்ச் விளக்கிலிருந்து விரலுக்கு இடம்பெயர்ந்தது ஜப்பானியர் செயல். 1969-இல் சந்தைக்கு வந்த ஹோண்டா சிபி750 எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரையும் எஞ்சினை அணைக்கும் ஸ்விட்சையும் வலப்பிடியின் அருகே வைத்தது. 1974-இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதி, எஞ்சினை அணைக்கும் விசை வலப்புறமும், ஹார்னும் ஒளியைத் தாழ்த்தும் விசையும் இடப்புறமும் அமைய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்த நாட்டுச் சந்தையை இழக்க விரும்பாத ஆலைகள் யாவும் அந்த ஒழுங்கை ஏற்றன. இந்தியச் சாலைகளில் அது 1980களில்தான் பரவியது: 1983-இல் எஸ்கார்ட்ஸ் வெளியிட்ட ராஜ்தூத் 350, 1984-இல் டி.வி.எஸ்.ஸின் இண்ட்-சுசூக்கி, 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100-உம் யமஹா ஆர்.எக்ஸ்.100-உம். இடக் கட்டைவிரலை நகர்த்தினால் இண்டிகேட்டர், சற்றுக் கீழே ஹார்ன், மேலே டிப்பர் என்ற அமைப்பு ஒரு தலைமுறைக்குள் இயல்பாகிவிட, அதற்குப் பழகிய கை, தந்தையின் புல்லட்டில் ஏறியபோது வெறும் குழாயைத் துழாவியது.

இண்டிகேட்டருக்கு முன்னிருந்த ஏற்பாட்டை நினைத்தால் இந்தத் தேவையின் அழுத்தம் விளங்கும். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளின்படி, வலப்புறம் திரும்புவோர் வலக்கையை நீட்ட வேண்டியிருந்தது. இடப்புறம் திரும்புவோரும் அதே வலக்கையை நீட்டி, கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுழற்ற வேண்டியிருந்தது. காரோட்டிகளுக்கு இது பொருந்தும்; மோட்டார் சைக்கிளிலோ முன்பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் அந்த வலக்கையில்தான் இருக்கின்றன. பழைய புல்லட்டில் கியரும் வலக்காலில், பின்பிரேக் இடக்காலில். நெரிசலான சந்திப்பில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டுக் கையைச் சுழற்றுவதைவிட இராணிகஞ்சில் ஒரு ஸ்விட்ச் செட் வாங்குவது அறிவுடைய செயல் என்று எவருக்கும் தோன்றியிருக்கும்.

பொருத்தும் வேலை எளிதாகத் தோன்றும் இடத்திலேயே சிக்கல்கள் தொடங்கின. புல்லட்டின் ஹேண்டில்பார் எட்டில் ஏழு அங்குலம், அதாவது 22 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஜப்பானிய ஸ்விட்ச் கூடுகளும் அதே அளவினவாதலால், இரு பாதிகளையும் குழாயைச் சுற்றி மூடித் திருகிவிடலாம். ஆனால் கூடு சுழலாமல் இருக்க அதனுள் ஒரு சிறு முளை இருக்கும்; அதற்குக் குழாயில் ஒரு துளை இட வேண்டும். அவசரக்காரர்கள் முளையை நறுக்கி எறிந்துவிட்டு, குழாயில் டேப்பைச் சுற்றிக் கூட்டை இறுக்கினர். சில மாதங்களில் ஹார்னை அழுத்தினால் கூடே சுழன்றது. இடப்புறத்தில் இன்னொரு நெருக்கடி. புல்லட்டின் கிளட்ச் லிவருக்கு அருகில் டீகம்ப்ரஷர் லிவர் உண்டு. உதைக்கும்போது அழுத்தத்தைக் குறைப்பதோடு, எஞ்சினை அணைப்பதற்கும் பலர் அதையே பயன்படுத்தினர். புதிய கூடு அந்த இடத்தைக் கேட்டது. லிவரைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. கிளட்ச் லிவரைச் சற்று உள்ளே தள்ளி இரண்டையும் காத்தவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரே எஞ்சினைப் புரிந்தவர்கள்.

கம்பிகளின் நிறம் அடுத்த பொறி. லூக்காஸ் மரபில் வெள்ளை இக்னிஷனையும், பழுப்பு பேட்டரியையும், பச்சை ஃபியூஸ் வழியாக வரும் துணைச் சாதனங்களின் மின்சாரத்தையும் குறித்தன. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைத்த அக்கால பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் சிவப்பே எர்த். யமஹாவில் கறுப்பு எர்த், பழுப்பு இக்னிஷன், சிவப்பு பேட்டரி. ஹோண்டாவில் கறுப்பு இக்னிஷன், பச்சை எர்த். சுசூக்கியில் ஆரஞ்சு இக்னிஷன், கறுப்பும் வெள்ளையும் கோடிட்டது எர்த். நிறத்தோடு நிறம் சேர்த்து இணைப்பதே ஒழுங்கு என்று நினைத்து, லூக்காஸின் பச்சையை ஹோண்டாவின் பச்சையோடு முறுக்கினால், உயிருள்ள கம்பி நேரே எர்த்துக்குப் போய் ஷார்ட் ஆகும். ஃபியூஸ் இல்லாத பழைய வண்டியில் புகை கிளம்பும். ஆகவே அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு முனையை எர்த்தில் கவ்விய டெஸ்ட் லாம்பின் மறுமுனையை ஒவ்வொரு கம்பியிலும் வைத்து, ஸ்விட்சை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, எது எப்போது எரிகிறது என்று கண்டு, அந்தக் கம்பியின் நுனியில் ஒரு முடிச்சோ டேப்போ இட்டு அடையாளம் வைக்கிறார்.

வோல்ட்டின் சிக்கல் இதைவிட நுட்பமானது. புல்லட் நெடுங்காலம் ஆறு வோல்ட்டிலேயே ஓடியது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 30 வாட் விளக்கு ஆறு வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், பன்னிரண்டு வோல்ட்டில் 35 வாட் விளக்கோ 3 ஆம்பியர்தான் இழுக்கும். பன்னிரண்டு வோல்ட் வண்டிக்கென்று செய்யப்பட்ட மெல்லிய பித்தளைத் தொடுமுனைகள் ஆறு வோல்ட் புல்லட்டில் சூடேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை இளக்கின. போதாததற்கு, கம்பியிலும் இணைப்பிலும் அரை வோல்ட் இழந்தால் பன்னிரண்டில் அது நான்கு விழுக்காடு, ஆறிலோ எட்டு விழுக்காடு; இழை விளக்கின் ஒளி வோல்ட்டைவிடப் பன்மடங்கு வேகத்தில் சரிவதால், புதிய ஸ்விட்ச் போட்ட வண்டியில் வெளிச்சம் மஞ்சளாகச் சோர்ந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றும் பழக்கம் பரவியதற்கு விளக்கின் மோகத்தைவிட இந்த இழப்பே வலுவான காரணம். பின்னர் 60 வாட் ஹாலஜன் பல்ப் வந்தபோது பன்னிரண்டிலும் மறுபடி 5 ஆம்பியர் ஆயிற்று. அப்போது கை கொடுத்தது ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கி, பெரு மின்னோட்டத்தை ஸ்விட்சுக்கு வெளியே திறந்து மூடும் மின்காந்தப் பூட்டு. ரிலே இருந்தால் ஸ்விட்ச் சுமக்க வேண்டியது ஓர் ஆம்பியரின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

எர்த்தின் கதையும் உண்டு. பழைய ஹார்ன் பொத்தானுக்கு ஒரே கம்பி. மறுமுனை ஹேண்டில்பாரின் இரும்பு. மின்சாரம் அங்கிருந்து சேஸிஸை அடைய வேண்டுமானால் ஸ்டியரிங்கின் குண்டுகளையும் கிரீஸையும் கடந்தாக வேண்டும். கிரீஸ் புதிதாக வைத்த மறுநாள் ஹார்ன் கம்முவதும், ஹேண்டிலைத் திருப்பினால் மட்டும் ஒலிப்பதும் இதனால்தான். தனியாக ஒரு எர்த் கம்பி இழுப்பதே தீர்வு. அதன் செலவு சொற்பம், ஆனால் அதைச் செய்யாத கடைகளே மிகுதி. ஸ்டியரிங் கழுத்தில் கம்பிக்கட்டு வளையும் இடம் இன்னொரு நோயிடம்: ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து நிமிர்ந்து, உறைக்குள் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஈயம் வைத்துப் பற்றிய இணைப்பு அதிர்வில் விறைத்து முறியும் என்பதால், இழுத்து நசுக்கிய லக்குகளே இந்த இடத்தில் நீடிக்கின்றன.

சட்டம் இந்தப் பழக்கத்தை இரு முனைகளிலிருந்து தொட்டிருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகள் அனைத்திலும், எஞ்சின் ஓடும்போது முகப்பு விளக்கு தானே எரிய வேண்டும் என்று ஆனது. காஸ்கெட்டின் உச்சியிலிருந்து விரலருகே வந்த விளக்கு ஸ்விட்ச், அத்தோடு புதிய வண்டிகளிலிருந்து மறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் நாகோலிலிருந்து மெட்டுகுடா வழியாக மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, அதன் தூண்களுக்குக் கீழே பகல் வெயிலில் விளக்கெரியச் சென்ற வண்டிகளை நோக்கி, விளக்கை அணைக்கச் சொல்லிக் கைகளை மடக்கி விரித்துச் சைகை காட்டும் பழக்கம் இந்தியச் சாலைகளெங்கும் போலவே இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. மறுமுனையில், 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் வழங்குகிறது. ஆனால் வண்டி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும், பெரிய அளவில் மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்று நிபந்தனை இடுகிறது.

மூல வடிவம் என்பது எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் தெளிவான பொருளுடையது; வயரிங்குக்கு அப்படியில்லை. பருத்தி நூல் பின்னிய ரப்பர் உறைக் கம்பி இந்திய வெயிலிலும் மழையிலும் ஐம்பது ஆண்டு தாங்காது. டயரையும் கிளட்ச் தட்டையும் போல அதுவும் தேய்ந்து மாற வேண்டிய பாகமே. தேய்ந்த கம்பியை வைத்துக்கொண்டு மூலத்தன்மையைக் கொண்டாடுவது வண்டியைத் தீக்கு ஒப்புக்கொடுப்பதாகும். மேலும், திருவொற்றியூர் புல்லட்டின் மூல வயரிங்கே ரெட்டிச் வடிவத்தை இந்தியாவில் கிடைத்த பாகங்களுக்கு ஏற்பத் தழுவிக்கொண்டதுதான். ஆகவே மாற்றம் நடந்ததா என்பதைவிட, அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பதே சரியான அளவுகோல். காஸ்கெட்டை அறுத்துச் சாவித்துளையை அகலமாக்கியது சிதைப்பு. பழைய குமிழையும் வட்ட டிப்பரையும் வெளியே அப்படியே விட்டு, உள்ளே அவை ரிலேக்களை மட்டும் இயக்கும்படி புதிய கம்பிக்கட்டை இழுத்து, பழைய கட்டை நிறம் மாறாமல் சுருட்டி வைத்தது பாதுகாப்பு. இரண்டாவது முறைக்கு மூன்று மணி நேரம் கூடுதலாகும். செகந்தராபாத்தில் அதைச் செய்து கொடுக்கும் கைகள் இன்றும் உண்டு.

2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட மீட்டியார் 350-இன் ஹேண்டில்பாரில், பல்லாண்டு பழகிய தட்டு ஸ்விட்சுகளுக்குப் பதிலாக, காஸ்கெட்டின் பழைய குமிழைப் போலத் திருகி இயக்கும் வட்டக் குமிழ்கள் இடம்பெற்றன: இடப்புறம் ஒளியை உயர்த்தித் தாழ்த்த, வலப்புறம் எஞ்சினைக் கிளப்பி அணைக்க. அடுத்த ஆண்டின் கிளாசிக் 350-இலும் அவையே தொடர்ந்தன.